இல்லாத ஊரும் இருக்கின்ற மாந்தரும்

மனிதனுக்கு வாய்த்துள்ள ஆற்றல்களுள் வியப்புக்குரியது ஒன்றுண்டு. இருக்கும் இடத்தில் இருந்துகொண்டே, இல்லாத இடமொன்றை அவன் மனத்துள் எழுப்பிக்கொள்கிறான். எழுப்பியதோடு அமையாது, பெட்டியைக் கட்டிக்கொண்டு அதனைத் தேடியும் புறப்பட்டுவிடுகிறான். திரையிலே கண்ட மாயநகரத்தையும் குகையையும் அருவியையும் நேரில் கண்டுவர வேண்டுமென்று மக்கள் குடும்பம் குடும்பமாகப் பயணம் செய்யும் காலம் இது. இப்பயணம் பேதைமையா? பொய்யைப் போற்றும் குற்றமா? அன்றி, மதிக்கத்தக்கது ஏதேனும் அதனுள் உண்டா? மாரெட்பள்ளியில் வாழும் நமக்கு இவ்வினா ஒரு கோடை விடுமுறையில், ஓர் ஏரிக்கரையில் எழுந்தது. விடை தேடிச் சென்றபோது நம்மைப் பற்றியே ஓர் உண்மை புலப்பட்டது. அதனை அன்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மைய அரசு ஊழியர்க்கு இந்தியாவின் எப்பகுதிக்கும் சென்றுவர நான்காண்டுக்கு ஒருமுறை கிடைப்பது எல்.டி.சி. சலுகை. 2025ஆம் ஆண்டு மே மாதத்தில் அதனைக் கொண்டு கொடைக்கானல் சென்றோம். சிக்கந்தராபாத்தில் ரயிலேறிச் சென்னை வழியாகக் கொடை ரோடு நிலையத்தில் இறங்கி, வத்தலக்குண்டைக் கடந்து மலையேறினோம். ரயில்வேயில் பணியாற்றி ஓய்வுபெற்ற நம் மாமனாரும் உடன் வந்திருந்தார். மலைமேல் கூட்டத்துக்குக் குறைவில்லை. நெரிசல் பொறுக்காமல், சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7 முதல் வாகனங்களுக்கு இ-பாஸ் முறை வந்த மலையல்லவா அது! ஏரியை ஒட்டிய ஒரு விடுதியில் நான்கு நாள் தங்கினோம். காலையில் நீரின்மேல் படர்ந்திருக்கும் பனிமூட்டமும், அதனூடே மெல்ல நகரும் படகும், கரையோரம் குதிரைகளை நடத்திச் செல்வோரின் குரலும் நம் மனத்தை இளமைக்கே கொண்டு சென்றன.

ஆயின் நம் இளைய மகளின் உள்ளம் ஏரியில் நிற்கவில்லை. “குணா குகைக்கு எப்போது போவோம்?” என்பதே அவள் நாள்தோறும் கேட்ட கேள்வி. தூண் பாறைக்கு அருகிலுள்ள அப்பிளவுப் பாறைகளுக்கு வெள்ளையர் இட்ட பெயர், ‘பிசாசின் சமையலறை’ என்னும் பொருள்பட ‘டெவில்ஸ் கிச்சன்’ என்பதாகும். 1991இல் கமல்ஹாசன் நடித்து, சந்தானபாரதி இயக்கிய ‘குணா’ வெளிவந்தபின் பழைய பெயர் ஒதுங்கிப் படத்தின் பெயரே நிலைத்துவிட்டது. அக்குகையின் ஆழ்பிளவில் வீழ்ந்து உயிரிழந்தோர் பலர். 2006இல் கேரளத்து மஞ்ஞும்மலிலிருந்து வந்த இளைஞர் குழுவில் ஒருவர் அதனுள் வீழ்ந்தார். அவருடைய நண்பர் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கி அவரை மீட்டார். அந்நிகழ்ச்சி 2024இல் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ என்னும் மலையாளப் படமாக வந்தது. அதன்பின் குகையைக் காணவரும் கூட்டம் மேலும் பெருகிற்று.

நாம் சென்றபோது கண்டது என்ன? மரவேர்கள் பின்னிக் கிடக்கும் சரிவு. அதன் முடிவில் இரும்புக் கம்பி வேலி. வேலிக்கு அப்பால் இருள். அவ்வளவே. உள்ளே செல்ல வழியில்லை, செல்லவும் கூடாது. மலையாளப் படத்தில் நாம் கண்ட குகையின் உட்புறமும் பெரும்பாலும் கேரளத்தில் அமைக்கப்பட்ட செட்டு என்பதை அறிந்தோம். உண்மைக் குகையை வேலிக்கு வெளியே நின்று காண்கிறோம். உள்ளே புகுந்து கண்டதாக நாம் எண்ணிக்கொண்டிருப்பதோ செயற்கைக் குகை! ஆயினும் கூட்டத்தினர் கம்பியைப் பற்றிக்கொண்டு படத்து நாயகனைப் போலவே குரல் கொடுத்தனர். எதிரொலியைக் கேட்டு மகிழ்ந்தனர். நம் மகளும் குரல் கொடுத்தாள். சரிவின் ஓரத்தில் அவித்த சோளக்கதிர் விற்றுக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர் அவ்வொலிகளுக்குத் தலை நிமிரவும் இல்லை. நாள் முழுதும் கேட்ட காதுகளல்லவா!

திரும்பும் வழியில் மாமனார் மனத்திலிருந்ததைச் சொல்லிவிட்டார். “மாப்பிள்ளை! செத்துப் போனவங்க இருக்கிற இடத்திலே நின்னுக்கிட்டு சினிமா வசனம் பேசறோமே, இது நியாயமா? போன வருஷமும் அப்படித்தான். கோல்கொண்டாவுக்கு ரெண்டு மணி நேரம் ஒதுக்க முடியலே. இல்லாத ராஜா ஆண்ட கோட்டைக்கு ஒருநாள் பூரா ஒதுக்கியாச்சு.”

அவர் குறித்தது மகிழ்மதிக் கோட்டையை. 1996இல் ராமோஜி ராவ் தோற்றுவித்த ராமோஜி பிலிம் சிட்டி மாரெட்பள்ளியிலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில், விஜயவாடா செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி, ஏறக்குறைய 1,666 ஏக்கரில் பரந்து கிடக்கிறது. தெலுங்கிலும் தமிழிலும் 2015இலும் 2017இலும் வெளிவந்த ‘பாகுபலி’ படங்களுக்காகக் கலை இயக்குநர் சாபு சிரில் எழுப்பிய நகரம் அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது. தமிழ்நாட்டிலிருந்து நம் வீட்டுக்கு வரும் உறவினர் சார்மினாரைக் கேட்பதற்கு முன்பாகவே அதனைக் கேட்கிறார்கள். அங்கே நம் மகள் ஒரு பெருந்தூணை விரலால் தட்டிப் பார்த்தாள். கல்லுக்குரிய ஒலி எழவில்லை. வெற்றுப் பெட்டியைத் தட்டினாற்போல் ஒலித்தது. அவள் ஏமாற்றமடைவாள் என்று நாம் எண்ணினோம். அவளோ, “எவ்வளவு நன்றாக ஏமாற்றியிருக்கிறார்கள்!” என்று கைகொட்டிச் சிரித்தாள்.

அன்று கோட்டையைப் பற்றி எழுந்த அதே வழக்கு இப்போது ஏரிக்கரையில் மீண்டும் எழுந்தது. மகள் விட்டுக்கொடுப்பவள் அல்லள். “தாத்தா, நீங்கள் மாயாபஜாரை எத்தனை தடவை பார்த்திருக்கிறீர்கள்?” என்று கேட்டாள். மாமனார் சற்று நேரம் பேசவில்லை. பின்னர் அவர் முகம் மலர்ந்தது. 1957இல் கே. வி. ரெட்டி தமிழிலும் தெலுங்கிலும் எடுத்த அப்படத்தையும், அதில் நிலவொளியில் படகு மிதந்து செல்லும் காட்சியையும் அரைமணி நேரம் விரித்துரைத்தார். அந்நிலவு வானத்து நிலவன்று. மார்க்கஸ் பார்ட்லி என்னும் ஒளிப்பதிவாளரின் கைத்திறத்தால் பிறந்தது. படம் உருவான வடபழனி வாகினி ஸ்டூடியோவைக் காணவேண்டுமென்றே தம் இளமையில் சென்னைக்குப் போய், வாயிற்கதவு வரை சென்று திரும்பியதையும் அவர் ஒப்புக்கொண்டார். இன்று அந்நிலப்பரப்பில் மருத்துவமனையும் வணிக வளாகமும் நிற்கின்றன. “துவாரகை கடல் கொண்டது; வாகினியைக் கட்டடம் கொண்டது” என்று அவர் சொன்னபோது எல்லோரும் சிரித்தோம். அவர் குரலில் மட்டும் சிறிது துயரம் இருந்தது.

ஆகவே இல்லாத ஊரைத் தேடும் ஆசை இன்றைய பிள்ளைகளுக்கு மட்டும் உரியதன்று. அஃது எத்துணைப் பழமையானது என்பதைத் தமிழ் கற்றோர் அறிவர். தொல்காப்பியர் அகப்பாடல்களின் மரபைக் கூறுமிடத்து, நாடக வழக்கு என்றும் உலகியல் வழக்கு என்றும் இரண்டைச் சொல்லி, இரண்டும் கலந்து அமைவதே புலவர் நெறி என்றார். அகத்திணை ஒழுக்கம் உலகில் அவ்வாறே நிகழ்வதன்று, ஆயினும் இனிமையும் நன்மையும் கருதிப் புலவரால் அமைக்கப்பட்டது என்று இறையனார் களவியலுரை விளக்குகிறது. இல்லாததைப் படைத்தல் நம் முன்னோர்க்குக் குற்றமாகத் தோன்றவில்லை. இனிதாய் இருத்தலோடு நல்லதாயும் இருக்க வேண்டும் என்பதே அவர்கள் வைத்த அளவுகோல்.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நாம் உட்கார்ந்து வழக்காடிய அந்த ஏரியே ஒருவர் கண்ட கற்பனையன்றோ! மதுரை ஆட்சியராயிருந்த வேர் ஹென்றி லெவிஞ்சு என்பார் 1863இல் ஓடை நீரைத் தேக்கி அமைத்தது கொடைக்கானல் ஏரி. நம் ஊர் உசேன் சாகரும் அவ்வாறே. 16ஆம் நூற்றாண்டில், இப்ராகிம் குலி குதுப் ஷா ஆண்ட காலத்தில் வெட்டப்பட்டது அது. நீரில்லாத இடத்தில் நீரை நினைத்த மனிதர் இருந்தமையால்தான் நாம் மாலைக் காற்று வாங்குகிறோம். அலுவலகத்தில் நமக்குள்ள விதி வேறு. கோப்பில் இல்லாதது உலகிலும் இல்லை என்பதே அங்கு வழக்கம். அவ்விதியை வாழ்க்கை முழுமைக்கும் விரித்தால் ஏரியும் இல்லை, இலக்கியமும் இல்லை.

எனில் மாமனாரின் மனக்குறை பொருளற்றதா? அன்று. அவர் தொட்ட இடம் சரியானதே. அதற்கு அவர் இட்ட பெயர்தான் பிழை. குறை பொய்யைக் காணச் சென்றதில் இல்லை. வேறெங்கோ இருக்கிறது. அதனை அறிய உலகிலுள்ள இரண்டு ஊர்களை ஒப்பு நோக்குவோம்.

நியூசிலாந்தில் மாத்தமாத்தா என்னும் ஊருக்கு அருகே ஆட்டுப் பண்ணை ஒன்றுண்டு. 2001 முதல் வெளிவந்த ‘லார்ட் ஆப் த ரிங்ஸ்’ படங்களுக்காக அங்கே குள்ளமாந்தரின் சிற்றூர் ஒன்றைக் குன்றின் சரிவில் அமைத்தார்கள். பின்னர் எடுத்த ‘ஹாபிட்’ படங்களுக்காக அதனை நிலையான கட்டுமானமாகவே திரும்பக் கட்டினார்கள். மக்கள் சென்று வட்டக் கதவுகளைக் கண்டு மகிழ்கின்றனர். பண்ணை பண்ணையாகவே நடக்கிறது, ஆடுகளும் மேய்கின்றன. அங்கே கற்பனை எவருடைய இடத்தையும் பறிக்கவில்லை.

குரோவேசியாவில் கடலோரம் துப்ரோவ்னிக் என்னும் மதில் சூழ்ந்த பழநகர் இருக்கிறது. 1979இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற அந்நகர், 1991இல் போரில் முற்றுகையிடப்பட்டுக் குண்டுவீச்சுக்கு உள்ளாயிற்று. நகரத்தார் பலர் மாண்டனர். 2011 முதல் 2019 வரை ஒளிபரப்பான ‘கேம் ஆப் த்ரோன்ஸ்’ என்னும் தொடரில் அது ஒரு கற்பனை அரசின் தலைநகராகக் காட்டப்பட்டது. வருவோர் பலர் கதையில் நடந்த போரைப் பற்றி வினவுகின்றனர். அதே மதிலடியில் உண்மையாக நடந்த போரைப் பற்றி வினவுவோர் எத்தனை பேர்?

மகிழ்மதி என்று நாம் கேட்ட பெயரும் இத்தகையதே. மாகிஷ்மதி என்பது நருமதைக் கரையில் உண்மையில் விளங்கிய பழைய நகரம். மத்தியப் பிரதேசத்து மகேசுவரமே அது என்பர் அறிஞர் பலர். 18ஆம் நூற்றாண்டில் அகல்யாபாய் ஓல்கர் அங்கிருந்து ஆண்டார். அவ்வூர்க் கைத்தறிப் புடவை இன்றும் புகழ்பெற்றது. நம் மகளுக்கு மகிழ்மதியின் அரியணை தெரியும். மகேசுவரத்தின் தறி தெரியாது. கொடைக்கானலிலும் கதை இதுவே. குணா நின்ற இடம் தெரியும். பழனி மலையின் தொல்குடிகளான பளியரைப் பற்றி நான்கு நாளில் ஒருவரிடமும் நாம் கேட்கவில்லை. சோளம் விற்ற மூதாட்டியிடம் விலை கேட்டதன்றி வேறு சொல் பேசவில்லை.

இவ்வெண்ணத்தோடு மலையிறங்கினோம். அத்துடன் முடிந்திருந்தால் பிறரைப் பற்றிய நல்லுரையாகவே இஃது அமைந்திருக்கும். ஆனால் திரும்பும் வழியில் திண்டுக்கல், திருச்சி வழியாகக் கும்பகோணத்தை அடுத்த நம் சொந்த ஊருக்குச் சென்றோம். அரசலாற்றங்கரைச் சிற்றூர் அது. மாரெட்பள்ளியில் பிறந்த நம் பிள்ளைகளுக்கு அவ்வூரைப் பற்றி நாம் சொல்லாத கதையில்லை. வாசலில் நீண்ட திண்ணை, முற்றத்தில் விழும் மழை, கொல்லையில் இறங்கினால் ஆற்றுநீர் என்று எத்தனையோ இரவுகளில் சொல்லியிருக்கிறோம்.

ஆற்றில் நீரில்லை. மேட்டூர் அணை சூன் 12இல் திறப்பது வழக்கம். மே மாதத்தில் நீரை எதிர்பார்த்தது நம் மறதி. நம் தந்தையார் விற்றுவிட்ட வீட்டில் திண்ணையும் இல்லை. ஓட்டுக்கூரை போய்த் தளம் வந்திருந்தது, முற்றம் மூடப்பட்டிருந்தது. பிள்ளைகள் நம் முகத்தைப் பார்த்தனர். நமக்கு ஏற்பட்ட சினத்தை என்னென்பது! நம்முடையது எதனையோ எவரோ களவாடிவிட்டாற்போன்ற உணர்ச்சி. வாயிலில் நின்ற அம்மையாரிடம், “அவ்வளவு அழகான திண்ணையை ஏன் இடித்தீர்கள்?” என்று கேட்டேவிட்டோம்.

அவர் கோபிக்கவில்லை. “வாங்கய்யா. உங்களை மாதிரி முன்னே இங்கே இருந்தவங்க அப்பப்போ வந்து பார்த்துட்டு, இதையேதான் கேக்கறாங்க. ஓடு ஒழுகி, ராத்திரி பூரா பாத்திரம் வச்சுப் பிடிச்சோம். திண்ணை இருந்த இடத்திலேதான் மாமியாருக்குக் கழிப்பறை கட்டினோம். அவங்களாலே கொல்லைக்கு நடக்க முடியலே. நீங்க பார்த்துட்டுப் போயிடுவீங்க, நாங்க இருக்கணுமில்லே? உள்ளே வாங்க, காப்பி சாப்பிட்டுப் போகலாம்” என்றார்.

தலை தாழ்ந்தது. துப்ரோவ்னிக்கில் கதைப் போரைத் தேடுவோரைக் குறை சொன்ன நாமும் இங்கே அவர்களைப் போலத்தான் நின்றோம். நாம் தேடிச் சென்ற ஊரும் ஒரு திரைப்பட ஊரே. நம் நினைவென்னும் திரையில் பல்லாண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் படம் அது. அதில் ஆறு வற்றுவதில்லை, ஓடு ஒழுகுவதில்லை, முதியோர்க்கு முழங்கால் வலிப்பதில்லை. ‘குணா’ படத்து நாயகன் தன் மனத்துள் கண்ட அபிராமியை உயிருள்ள பெண்ணொருத்தியின்மேல் ஏற்றி, அவளைக் குகைக்குள் கொண்டுபோய் வைத்தான். அவனுடைய அன்பு பொய்யன்று. ஆயினும் அவளும் ஓர் உயிர் என்பதை அவன் எண்ணிப் பார்க்கவில்லை. பிறந்த ஊர்மேல் புலம்பெயர்ந்தோராகிய நாம் கொண்டுள்ள அன்பும் சில வேளைகளில் அத்தகையதே. ஊரை ஊராக இருக்க விடாமல், நாம் விட்டுவந்த நாளிலேயே அதனை நிறுத்திவைக்க விரும்புகிறோம். நமக்கு மாரெட்பள்ளியில் மின்தூக்கி உள்ள அடுக்ககம் வேண்டும். அவர்களுக்கு மட்டும் ஒழுகும் ஓடு இருக்க வேண்டும் என்பது எந்த அறத்தில் சேரும்?

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இப்போது விடை கூறலாம். இல்லாத ஊரைக் காணச் செல்வது குற்றமன்று. அது நம் மகளுக்கு வியப்பைத் தந்தது. மாமனாருக்கு இளமையை மீட்டுக் கொடுத்தது. ஆனால் இல்லாததைக் கண்டு, இருப்பவரைக் காணாது திரும்புவது குற்றம். இருப்பவரை நம் கற்பனைக்கேற்ப இருக்கச் சொல்வது அதனினும் பெருங்குற்றம். நம் முன்னோர் வைத்த அளவுகோலைக் கொண்டு சொன்னால், நம் பயணம் இனிதாய் இருந்தது. நல்லதாய் இருந்ததா என்று கேட்டுக்கொள்ள நாம் மறந்துவிட்டோம்.

இச்சங்கத்தின் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். கோடை விடுமுறையில் பிள்ளைகள் விரும்பும் மாயநகரங்களுக்கு அவர்களைத் தாராளமாக அழைத்துச் செல்லுங்கள். தூணைத் தட்டிப் பார்க்கட்டும். அதனை வனைந்த தச்சரையும் வண்ணம் தீட்டியவரையும் பற்றி ஒரு சொல் கேட்கட்டும். குகைவாயிலில் குரல் கொடுக்குமுன் மாண்டவரை நினைந்து ஒருகணம் நிற்கட்டும். சொந்த ஊருக்கும் அழைத்துச் செல்லுங்கள். நம் பழங்கதையைச் சொல்லிக் காட்டுமுன், இன்று அங்கே வாழ்வோரின் கதையைக் கேட்கச் செய்யுங்கள்.

மாரெட்பள்ளியிலும் தோட்டம் சூழ்ந்த பழைய வீடுகள் ஒவ்வொன்றாக மறைந்து அடுக்ககங்கள் எழுகின்றன. நம் மகளுக்குச் சொந்த ஊர் இதுவே. நாளை அவள் எந்த நாட்டிலிருந்தோ தன் பிள்ளைகளோடு இத்தெருவுக்கு வந்து, தான் விளையாடிய வேப்பமரம் எங்கே என்று தேடக்கூடும். அன்று இங்கே குடியிருப்பவரிடம் அவள் சினந்து பேசாதிருக்க வேண்டும்.

அன்று அந்த அம்மையார் கொடுத்த காப்பியைக் குடித்தோம். அவருடைய மாமியாரைக் கண்டு வணங்கினோம். பேருந்துக்கு நேரமாகிவிட்டபடியால் விடைபெற்று வந்துவிட்டோம். கும்பகோணம் வந்து சேர்ந்த பின்னரே, அவர் பெயரைக் கேட்கவில்லையென்பது நினைவுக்கு வந்தது. அடுத்த முறை முதலில் அதனைக் கேட்க வேண்டும்.